ஆற்றில் கரைத்த உரம்!

மலைச் சரிவில் பெய்யும் மழை மண்ணின் சத்தை எங்கே கொண்டு போகிறது? நீலகிரி சொல்லும் பாடம்

ஊட்டி உருளைக்கிழங்கும் ஊட்டி காரட்டும் தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? மலையிலிருந்து லாரி லாரியாக இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகின்றன. அங்கே எடை போடுகிறார்கள். ஏலம் விடுகிறார்கள். பிறகு ஊர் ஊராகப் போகின்றன.

ஆனால் மழைக்காலத்தில் அதே மலையிலிருந்து இன்னொரு சரக்கும் இறங்கி வருகிறது. அதற்கு லாரி வேண்டாம். அதை எடை போடுவாரும் இல்லை, அதற்கு விலை கொடுப்பாரும் இல்லை.

அந்தச் சரக்கு, மலையின் மண். அந்த மண்ணோடு கலந்து வருவது, குடியானவர் கடன் வாங்கிப் போட்ட உரம்!

"ஆற்றில் கரைத்த புளி" என்பார்கள். எவ்வளவு கரைத்தாலும் ஆறு புளிக்காது. கரைத்தவருக்குப் புளிதான் நஷ்டம். மலைச் சரிவில் போடும் உரமும் பல சமயம் அப்படித்தான் ஆகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. புளியைக் கரைத்தால் நஷ்டம் ஒருவருக்கு. உரம் கரைந்தால், போட்டவருக்கும் நஷ்டம், கீழே தண்ணீர் குடிப்பவருக்கும் நஷ்டம்.

இது எப்படி நடக்கிறது? தடுக்க வழி உண்டா?

சரிவிலேயே ஒரு மாவட்டம்

நீலகிரி மாவட்டத்தில் சமதரை அபூர்வம். தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 8,652 அடி. அதைச் சுற்றிலும் மேடும் பள்ளமும்தான். 100 அடி நடப்பதற்குள் 25 அடி, 30 அடி ஏறிவிடும் சரிவுகளில் கூடக் காய்கறி விளைகிறது.

மழையும் இங்கே இரண்டு தடவை வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டு மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழை அது!

பழைய காலத்தில் படகர் சமுதாயத்தினர் இங்கே சாமை, ராகி போன்ற தானியங்களைப் பயிரிட்டார்கள். சில வருஷம் பயிர் செய்வார்கள். பிறகு அந்த நிலத்தைச் சில வருஷம் தரிசாக விடுவார்கள். புல் முளைக்கும். மாடு மேயும். மண் இளைப்பாறும்.

1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்தார். வெள்ளைக்காரர்கள் குடியேறினார்கள். அவர்களோடு உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ் எல்லாம் வந்தன. நாளடைவில் அவையே மலையின் பிழைப்பாக மாறின. கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் காய்கறிப் பாத்திதான்.

நிலம் கொஞ்சம். குடும்பம் பெரிது. ஆகவே பல இடங்களில் வருஷத்தில் இரண்டு போகம், மூன்று போகம் எடுக்கிறார்கள். மண் இளைப்பாற நேரம் இல்லை. இளைக்கும் மண்ணுக்கு மேலும் மேலும் உரம் போட வேண்டியிருக்கிறது.

மழைத்துளி ஒரு சம்மட்டி

மழைத்துளி பார்க்கச் சிறியது. ஆனால் பெரிய துளி ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய 30 அடி வேகத்தில் தரையில் வந்து மோதுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் அது ஒரு சின்னச் சம்மட்டி அடி போல. மண்கட்டி உடையும். பொடி தெறிக்கும். மழை நின்ற பிறகு சுண்ணாம்பு அடித்த சுவரைப் பாருங்கள். அடியிலிருந்து ஓரிரு அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். அது துளியின் வேலைதான்.

சோலைக்காட்டில் இது நடப்பதில்லை. அங்கே துளி முதலில் இலையில் விழுகிறது. பிறகு சருகில் விழுகிறது. கடைசியில் மெல்லச் சொட்டி, பஞ்சு போன்ற மண்ணுக்குள் இறங்குகிறது. புல்வெளியிலும் அப்படியே. புல்லின் வேர் மண்ணைக் கை கோத்துப் பிடித்துக் கொள்கிறது.

காய்கறித் தோட்டம் அப்படியல்ல. விதைப்பதற்கு முன் மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி விடுகிறார்கள். காரட் விதை முளைத்து, தழை மண்ணை மூடுவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. அதுவரை மண்ணுக்குக் குடை இல்லை. கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மறுபடியும் மண் கிளறப்படுகிறது. அந்த நேரம் பார்த்துக் கனமழை வந்துவிட்டால்?

சரிவு என்பதால் தண்ணீர் நிற்பதில்லை, ஓடுகிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் பலம் நான்கு மடங்காகும். மேலே நூல் போல ஓடும் தண்ணீர், கொஞ்ச தூரம் இறங்குவதற்குள் கயிறு போலத் திரளும். அடிவாரத்துக்கு வரும்போது வாய்க்காலாகி மண்ணை அரித்துக் கொண்டு போகும்.

ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்

"ஏதோ கொஞ்சம் மண் போனால் என்ன?" என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் மண் 1 மில்லிமீட்டர் மட்டும் கரைந்து போவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிட இது குறைவு. கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த மண்ணை அள்ளி எடை போட்டால் 4 டன்னுக்கு மேல் இருக்கும்!

அந்த மண்ணில் டன்னுக்கு 2 கிலோ தழைச்சத்து இருக்கிறது என்று வைத்துக் கொண்டால், போனது 8 கிலோ தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் ஏறக்குறைய 17 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. அதாவது மூட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதோடு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் போயின. மக்கிய இலைதழைச் சத்தும் போயிற்று. யூரியாவைக் கடையில் வாங்கலாம். பல வருஷம் மக்கிச் சேர்ந்த சத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இந்தியா முழுவதற்கும் விஞ்ஞானிகள் இப்படி ஒரு கணக்கெடுத்தார்கள். 1983-ல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, சராசரியாக ஒரு ஹெக்டேரில் வருஷத்துக்கு 16 டன்னுக்கு மேல் மண் அரித்துப் போகிறது. ஏக்கர் கணக்கில் ஆறரை டன். இது மேடு, பள்ளம், சமவெளி எல்லாம் சேர்த்த சராசரி. மூடாமல் கிடக்கும் மலைச் சரிவில் இதைவிடப் பல மடங்கு போகக்கூடும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அரிசி களையும்போது முதலில் தண்ணீரோடு போவது எது? தவிடும் மாவும்தான். சத்து அதில்தான் இருக்கிறது. மண்ணும் அப்படியே. மழைத் தண்ணீர் முதலில் தூக்கிக் கொண்டு போவது நுண்ணிய மண்ணையும் மக்கிய பொடியையும்தான். சத்து ஒட்டியிருப்பதும் அவற்றில்தான். பின்னால் தங்குவது மணலும் கல்லும்.

சத்து வெளியேறும் இரண்டு வாசல்கள்

உரத்தில் முக்கியமானவை மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. இவை எல்லாம் ஒரே வழியில் வெளியேறுவதில்லை. இதைத் தெரிந்து கொண்டால்தான் தடுக்கும் வழியும் தெரியும்.

சமையலறையிலிருந்தே ஓர் உதாரணம். உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்து விடுகிறது. தண்ணீர் எங்கே போனாலும் உப்பும் கூடவே போகும். மஞ்சள் அப்படியல்ல. துணியில் பட்டால் ஒட்டிக் கொள்கிறது. தண்ணீரில் அலசினாலும் லேசில் போகாது. துணியே போனால்தான் மஞ்சளும் போகும்.

தழைச்சத்து உப்பைப் போன்றது. யூரியா மண்ணில் விழுந்ததும் சில நாட்களில் மாறுதல் அடைகிறது. கடைசியில் நைட்ரேட் என்ற உப்பாகிறது. நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை. பயிரின் வேர் உறிஞ்சியது போக மிச்சம் இருப்பது மழைத் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கி, ஊற்றிலும் ஓடையிலும் போய்ச் சேர்கிறது. மண் ஒரு பொடி கூடக் கரையாவிட்டாலும் இது போகும். தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். உள்ளே உரம் இருக்கும்!

மணிச்சத்து மஞ்சளைப் போன்றது. நீலகிரியின் மண் புளிப்புத் தன்மை உள்ள செம்மண். அதில் இரும்பும் அலுமினியமும் அதிகம். அவை மணிச்சத்தை இறுகப் பிடித்துக் கொள்கின்றன. பயிருக்கே லேசில் கொடுப்பதில்லை. அதனால்தான் மலைப்பகுதி உருளைக்கிழங்குக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவில் மணிச்சத்து மிக அதிகம். ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல் சத்து 120 கிலோ. மணிச்சத்து மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு!

அந்த மணிச்சத்து மண்ணிலேயே வருஷா வருஷம் சேர்கிறது. மண் நின்றால் அதுவும் நிற்கும். மண் கரைந்தால் அதுவும் போகும். ஒரே ஒரு பெருமழை, பல வருஷம் சேர்த்த மணிச்சத்தை அடித்துக் கொண்டு போய்விடலாம்.

சாம்பல் சத்து இரண்டுக்கும் நடுவில். கொஞ்சம் கரைந்து போகும். கொஞ்சம் மண்ணோடு போகும்.

ஆக, சத்து வெளியேற இரண்டு வாசல்கள். ஒன்று கலங்கல் தண்ணீர். மற்றொன்று தெளிந்த தண்ணீர். ஒரு வாசலை மட்டும் அடைத்தால் போதாது.

மேலிருந்து கீழே பாத்தி ஏன்?

சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டால் ஒவ்வொரு பாரும் ஒரு சின்ன அணை போலத் தண்ணீரைத் தடுக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படி இருந்தும் பல தோட்டங்களில் பாத்திகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றனவே, ஏன்?

குடியானவர் விவரம் தெரியாதவர் அல்ல. அவருக்கும் காரணம் உண்டு.

உருளைக்கிழங்குக்கும் காரட்டுக்கும் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அழுகிவிடும். பாத்தி கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும். இந்தப் போகம் தப்பும். கொத்துவதும் களை எடுப்பதும் சுலபம்.

இன்னொரு காரணம் குத்தகை. நிலம் ஒருவருக்குச் சொந்தம். பயிர் செய்பவர் இன்னொருவர். ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்தவர், பத்து வருஷம் நிற்கும் கல் கரையைத் தம் செலவில் கட்டுவாரா? அடுத்த வருஷம் அந்த நிலம் யார் கையில் இருக்குமோ!

மூன்றாவது காரணம் பயம். காரட் விலை இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். உரத்தைக் குறைத்தால் மகசூல் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு மூட்டை கூடுதலாகவே போடுகிறார்கள். மழை வரும்போது, அந்தக் கூடுதல் மூட்டை முதலில் மூட்டை கட்டிக் கொண்டு கிளம்பி விடுகிறது!

கீழே இருப்பவர் தலையில்

மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எங்கே போகின்றன?

குந்தா ஆறு பவானியில் சேருகிறது. குன்னூர் ஆறும் பவானிக்கே வருகிறது. மோயாறு மலையைச் சுற்றிக் கொண்டு பவானிசாகரில் வந்து விழுகிறது. 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையை நம்பி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. அதற்கு மேலே பில்லூர் அணை இருக்கிறது. அது மின்சாரமும் கொடுக்கிறது. கோயமுத்தூருக்குக் குடிநீரும் கொடுக்கிறது.

பில்லூர் அணையில் வண்டல் படிந்து, தண்ணீர் நிற்கும் இடம் சுருங்கிவிட்டது என்பது பல வருஷங்களாகவே பேசப்படும் கவலை. அணை என்பது ஒரு குடம் மாதிரி. குடத்தில் பாதி மண் என்றால், மீதிப் பாதிதான் தண்ணீர். அந்த மண் முழுவதும் காய்கறித் தோட்டத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ரோடு வெட்டுவதிலும், வீடு கட்டுவதிலும், மலை சரிவதிலும் கூட மண் வருகிறது. ஆனால் தோட்டத்து மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. உரத்தைச் சுமந்து வருவது முக்கியமாக அந்த மண்தான்.

ஏரி வண்டல் சத்து உள்ளது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு அது உரம். ஆனால் தண்ணீரிலேயே கிடந்தால் அந்தச் சத்து வேறு வேலை செய்கிறது. பயிருக்குப் போட்ட உரம் பாசிக்கு உரமாகிறது! தண்ணீர் பச்சை நிறமாகும். ஆகாயத்தாமரை அடர்ந்து படரும். பிறகு பாசி செத்து அழுகும். அப்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஊர்ச் சாக்கடை கலக்கும் இடங்களில் இந்தக் கேடு இன்னும் அதிகம்.

குழந்தை உள்ள வீட்டார் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. குடிநீரில் 1 லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. அதற்கு மிஞ்சிய தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கக் கூடும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். தோட்டங்களுக்குக் கீழே உள்ள ஊற்றையோ கிணற்றையோ நம்பி இருப்பவர்கள், அந்தத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

முதல் பூட்டு: படி வயல்

1954-ல் ஊட்டியில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. மலைச் சரிவில் விவசாயம் செய்தால் எவ்வளவு மண் போகிறது, எப்படித் தடுப்பது என்று அங்கே அளந்து பார்த்தார்கள். ஒரே மாதிரிச் சரிவில் உருளைக்கிழங்கைப் பல விதமாகப் பயிரிட்டு, கீழே வந்து சேரும் மண்ணை எடை போட்டார்கள்.

முடிவு தெளிவாக இருந்தது. மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட நிலத்தில்தான் மண் மிக அதிகமாகப் போயிற்று. சரிவுக்குக் குறுக்கே போட்டபோது அது பாதிக்கும் கீழே குறைந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கியபோது மிகச் சொற்பமே போயிற்று.

படி வயல் புதிய யோசனை அல்ல. பிலிப்பைன்ஸ் தேசத்தில் இபுகாவோ என்ற மலைவாழ் மக்கள் பல நூறு வருஷங்களாகப் படி வயலில் நெல் விளைவித்து வருகிறார்கள். 1995-ல் யுனெஸ்கோ அந்த வயல்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக் கொண்டது.

ஆனால் படி வெட்டுவதற்கும் பக்குவம் வேண்டும். மேல் மண்ணை முதலில் தனியாக ஒதுக்கி வைத்து, படி வெட்டிய பிறகு மேலே பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் சத்தில்லாத அடிமண் மேலே வந்துவிடும். படி, மலையைப் பார்த்து உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். படியின் ஓரச் சுவரில் புல் வளர்க்க வேண்டும். மிஞ்சும் தண்ணீர் இறங்கப் புல் முளைத்த ஒரு வாய்க்கால் கட்டாயம் வேண்டும். தண்ணீரை வடிய விடாமல் மலைக்குள்ளேயே தேக்கினால் ஆபத்து. 2009 நவம்பரில் பெய்த கனமழையில் நீலகிரியில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். ஊறிப் போன சரிவு தன் பாரத்தைத் தானே தாங்காது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

படி வெட்டப் பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சரிவுக்குக் குறுக்கே, இத்தனை அடிக்கு ஒன்று என்று, வெட்டிவேர் போன்ற புல்லை வரிசையாக நடலாம். ஓடி வரும் மண் புல்லில் தடுக்கி நிற்கும். சில வருஷத்தில் அதுவே ஒரு வரப்பாகிவிடும். புல் மாட்டுக்கும் ஆகும்.

பாத்தி முழுக்கக் குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கும் என்று பயப்படுபவர்கள், ஒரு பக்கமாக மிக லேசான வாட்டம் கொடுக்கலாம். தண்ணீர் ஓடாமல், நடந்து போகும்!

இரண்டாவது பூட்டு: அளவும் நேரமும்

படி வயல் கலங்கல் தண்ணீரை நிறுத்தும். ஆனால் தெளிந்த தண்ணீரை நிறுத்தாது. ஓடாமல் நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். நைட்ரேட்டும் கூடவே இறங்கும். இதற்குப் பூட்டு வேறு. அது மண்வெட்டியில் இல்லை; உரம் போடும் கையில் இருக்கிறது.

பசித்த நேரத்தில் பசித்த அளவு சாப்பிடுவதுதான் நல்லது. ஒரு வாரச் சோற்றை ஒரே நாளில் போட்டால் யார் உண்பார்கள்? பயிரும் அப்படியே. விதைத்த அன்று பயிருக்கு வேரே இல்லை. அன்றைக்கே முழு உரத்தையும் கொட்டினால், முளை வருவதற்குள் மழை அதைச் சாப்பிட்டுவிடும். ஆகவேதான் உருளைக்கிழங்குக்குப் பாதி உரத்தை அடியுரமாகவும், மீதியை 30-வது நாள் மேலுரமாகவும் போடச் சொல்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய மற்றச் சங்கதிகள் இவை:

மண்ணைப் பரிசோதித்த பிறகு உரம் வாங்குங்கள். பல வருஷம் உரம் போட்ட நிலத்தில் மணிச்சத்து ஏற்கெனவே சேர்ந்திருக்கக் கூடும். இருப்பதை மறுபடி வாங்குவானேன்?

மழை வரப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்று உரம் போடாதீர்கள். உரம் போட்ட பின் வரும் முதல் பெருமழைதான் அதிகச் சத்தைக் கொண்டு போகிறது.

உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் வைத்து மூடுங்கள்.

தொழு உரம் போடுங்கள். அது சத்தைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் கொடுக்கும்.

இரண்டு போகத்துக்கு நடுவே நிலத்தை வெறுமனே விடாதீர்கள். சருகையும் களையையும் மூடாக்காகப் பரப்பலாம். அவரை இனச் செடியை விதைத்து மடக்கி உழலாம். மிஞ்சிய நைட்ரேட்டை அந்தச் செடி உறிஞ்சி வைத்துக் கொள்ளும். மடக்கி உழும்போது சத்து மண்ணுக்கே திரும்பும்.

தேயிலை காப்பாற்றுமா?

1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கில் வேரைத் தின்னும் ஒரு வகை நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கு விளைச்சலுக்கு அது பெரும் அடி. பின்னால் பலர் தேயிலைக்கு மாறினார்கள்.

தேயிலை மண்ணுக்கு நல்லதுதான். செடிகள் நெருங்கி வளர்ந்து பச்சைப் பாய் விரித்தது போல ஆனபின், மழைத்துளி மண்ணைத் தொடுவதே அபூர்வம். ஆனால் செடி சிறிதாக இருக்கும் முதல் சில வருஷங்கள் ஆபத்தானவை. அப்போது வரிசைகளுக்கு நடுவே மூடாக்கும், தண்ணீரையும் மண்ணையும் பிடிக்கும் குழிகளும் அவசியம். தேயிலை இலைக்காக வளர்க்கும் பயிர். ஆகவே அதற்குத் தழைச்சத்து நிறையப் போடுகிறார்கள். கலங்கல் வாசல் அடைபடும். தெளிந்த வாசல் திறந்தே இருக்கும்.

அதோடு பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்க வேண்டாமா? 1990-களின் கடைசியில் விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வயிறு காயும்போது யாரும் மண்ணைப் பற்றி நினைக்க மாட்டார்கள்.

மலையின் சல்லடை

இயற்கையே வைத்த ஒரு சல்லடையும் உண்டு. அதுதான் பள்ளத்தாக்குகளின் அடியில் உள்ள சதுப்பு நிலம். மேலிருந்து வரும் தண்ணீர் அங்கே வேகம் தணிகிறது. மண் படிகிறது. கோரையும் புல்லும் சத்தை உறிஞ்சிக் கொள்கின்றன. ஈர மண்ணில் வாழும் நுண்கிருமிகள் நைட்ரேட்டைப் பிரித்துக் காற்றில் கலக்க விடுகின்றன. வடிகட்டிய தண்ணீர் ஓடைக்குப் போகிறது.

இந்தச் சதுப்புகள் பலவற்றை வாய்க்கால் வெட்டி வடியவிட்டு, தோட்டமாக்கி விட்டார்கள். ஈரம் உள்ள நல்ல நிலம் என்று ஆசை. ஆனால் சல்லடை போனபின் சத்து நேரே ஆற்றில் விழுகிறது. எஞ்சிய சதுப்புகளைக் காப்பதும், ஓடைக் கரையில் சில அடி அகலத்துக்காவது உழாமல் புல்லை விடுவதும், அதிகச் செலவில்லாத காரியங்கள்.

செலவு யாருடையது?

கடைசியாக ஒரு கேள்வி. இத்தனையும் செய்வதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது?

மலைக் குடியானவர் கரை கட்டினால் அவருடைய உரம் மிச்சமாகும். அது அவருக்கு லாபம். ஆனால் அணையில் வண்டல் குறையும்; அது சமவெளி விவசாயிக்கு லாபம். குடிநீர் சுத்தமாகும், அது நகரவாசிக்கு லாபம். மின்சாரம் குறையாது, அது எல்லோருக்கும் லாபம். லாபம் எல்லோருக்கும், செலவு மட்டும் ஒரு ஏக்கர் நிலம் உள்ள குடியானவருக்கு என்றால் நியாயமா?

படி வெட்டவும், புல் நடவும், மண் பரிசோதிக்கவும் அரசாங்கம் உதவினால், அது தானம் அல்ல. அணையைத் தூர் வாரும் செலவில் ஒரு பகுதியை முன்கூட்டியே மலையில் செலவிடுவதுதான். குத்தகைக் காலத்தை நீட்டிக் கொடுக்கும் நில உரிமையாளரும் தம் சொந்த மண்ணையே காப்பாற்றிக் கொள்கிறார்.

ஓர் அங்குல மேல் மண் உண்டாகப் பல நூறு வருஷங்கள் ஆகும். அது கரைந்து போக, கவனிப்பார் இல்லாவிட்டால், சில வருஷங்களே போதும். அடுத்த தடவை பவானியில் செந்நிற வெள்ளம் வரும்போது, பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் ஒன்றை நினைத்துக் கொள்ள வேண்டும். அங்கே ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. மலையில் ஒரு குடும்பத்தின் உழைப்பும், அதன் அடுத்த போகத்துச் சோறும் அதில் ஓடுகின்றன.